முதுகுக்குப் பின்னால் ஓர் ஊர்

கான்ட்ரா என்னிடம் இப்போதும் இருக்கிறது. மாரியோ இருக்கிறது. டாங்கி இருக்கிறது. முஸ்தபா இருக்கிறது. வடசென்னைக் காசிமேட்டில் வீட்டிலும், ஒற்றை ரூபாய்க்காக அம்மாவின் சுருக்குப்பையைச் சுற்றிச் சுற்றி வந்து கடையிலும் ஆடிய அத்தனை ஆட்டங்களும், இங்கே கனடாவின் கால்கரியில், சுண்டுவிரல் நகத்தளவு மெமரி கார்டு ஒன்றுக்குள் அடங்கிவிட்டன. யாரிடமும் கெஞ்ச வேண்டாம். வரிசையில் நிற்க வேண்டாம். கரண்ட் போகாது. இரவு எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் திறக்கலாம். திறக்கிறேன். அந்த முதல் இசை கேட்கிறது. முதல் காட்டைத் தாண்டுவதற்குள் அணைத்துவிடுகிறேன்.

உங்களில் சிலருக்கும் இது நடந்திருக்கும். துபாயிலோ சிங்கப்பூரிலோ, அவ்வளவு தூரம் எதற்கு, அம்பத்தூரிலோ தாம்பரத்திலோகூட, எல்லோரும் தூங்கிய பிறகு ஏதோவொரு பழைய கேமின் இசையை யூடியூபில் தேடிப் போட்டு, அரை நிமிடத்தில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தவர் நீங்கள் என்றால், இது உங்களுக்குத்தான்.

முதலில் போனது சத்தம்.

எங்கள் தெருவில் விடிவதற்கு முன்பே அது தொடங்கிவிடும். துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுகிற குரல், ஐஸ் உடைக்கிற மெஷினின் கரகரப்பு, கூடை ஏற்றிய மீன்பாடி வண்டி, எண்ணூர் பக்கம் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன். இவ்வளவுக்கும் மேலே கேம் சத்தம் கேட்க வேண்டுமென்றால் டிவியை முழுதாக அலற விட வேண்டும். சாலிடேர், டயனோரா என்று சென்னையிலேயே செய்த பெட்டிகள். ஆன்டெனா ஒயரைப் பிடுங்கி, கேம் ஒயரைச் செருகி, சேனல் குமிழைத் திருகிக்கொண்டே இருப்போம். புள்ளிப் புள்ளியாய்ப் பொரிந்துகொண்டிருக்கும் திரையில் மெல்ல மாரியோவின் தொப்பி சிவப்பாகத் திரண்டு வரும். அப்போது அறையில் ஒரு கூச்சல் எழும் பாருங்கள். அந்தக் கூச்சல்.

இங்கே என் ஜன்னலுக்கு மூன்று அடுக்குக் கண்ணாடி. வெளியே மைனஸ் முப்பது. காதில் மாட்டுகிற ஹெட்போன் வெளிச்சத்தத்தை வடிகட்டித் தருமாம். கூடுதல் காசு கொடுத்து வாங்கினேன். வடிகட்ட இங்கே என்ன இருக்கிறது?

கேம் பெட்டி பர்மா பஜாரில் வாங்கியது. நின்டென்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல். நகலின் நகலாகக்கூட இருக்கலாம். கூடவே மஞ்சள் கேசட் ஒன்று. மேலே ஒட்டிய தாளில் 9999999 ஆட்டங்கள் என்று போட்டிருக்கும். உள்ளே போனால் ஏழெட்டுதான். அவையே பெயர் மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வரும். கேசட் ஓடவில்லை என்றால் கழற்றி, அடியில் வாயை வைத்து ஊதிச் செருக வேண்டும். அடாப்டர் கையை வைக்க முடியாதபடி சுடும். சுட்டால் நிறுத்த வேண்டும். அரை மணி ஆற விட வேண்டும். அந்த அரை மணி நேரத்தில்தான் விவாதமே நடக்கும். யார் கழுகைச் சுட்டது, யார் யாரைக் கொன்றது, அடுத்த முறை யார் முதல் ஜாய்ஸ்டிக்கைப் பிடிப்பது. அடாப்டர் ஆறிவிடும். விவாதம் ஆறாது.

ஆடுகிறவர் ஒருவர், மிஞ்சிப் போனால் இருவர். பின்னால் நிற்கிறவர்களோ அறை கொள்ளாத கூட்டம். வடசென்னைக்கு இது புதிய வழக்கம் அல்ல. கேரம் போர்டைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்தால் நாற்பது கண்கள் காயைத் துரத்துகிற ஊர் இது. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா இந்த வடசென்னைப் பெண்தான். கண்கள் துரத்தினால் விரலுக்கு எங்கிருந்தோ ஒரு நிதானம் வரும். அப்படி ஒரு கூட்டத்தின் நடுவே ஆடக் கற்றுக்கொண்டதாலோ என்னவோ, எந்த ஆட்டத்தையும் நான் எடை போடுவது இன்றைக்கும் ஒரே கேள்வியால்தான்: பின்னால் நிற்கிறவனுக்கு இதில் என்ன வேலை?

அந்தக் கேள்விக்கு மாரியோ பாதி மதிப்பெண்தான் வாங்கும். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸை உலகமே கொண்டாடுகிறது. குறை சொன்னால் அடிக்க வருவார்கள். இரண்டு பேர் ஆடலாம் என்று திரையில் போட்டிருக்கும். ஆடினால் தெரியும், ஒருவன் செத்தால்தான் அடுத்தவனுக்கு முறை வரும். கூட்டாளி குழியில் விழ வேண்டுமென்று வேண்டிக்கொண்டு பக்கத்தில் குந்தியிருக்க வைக்கிற ஆட்டத்தை நல்ல ஆட்டம் என்று எப்படிச் சொல்வேன்? அதைக் காப்பாற்றியது பின்னால் நின்ற கூட்டம். ஒன்றாம் உலகத்தின் இரண்டாவது கட்டத்தில் கூரைமேல் ஏறி ஓடினால் நேரே நான்காம் உலகம் வரை தாவலாம் என்று எங்கள் தெருவுக்குச் சொன்னவன், சொந்தமாகப் பெட்டி இல்லாத பையன். வீடு வீடாகப் போய்ப் பின்னால் நின்றே ஆட்டம் முழுவதையும் கற்றிருந்தான். "மேல ஏறு, மேல! செவுத்துக்கு மேல ஓடுடா!" ஜாய்ஸ்டிக்கை ஒருநாளும் கேட்க மாட்டான். அவன் குரல் வேண்டும் எனக்கு.

டாங்கி முழு மதிப்பெண். நாம்கோ நிறுவனம் அதே 1985இல் செய்த பேட்டில் சிட்டி. செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு. ஒரு கட்டத்துக்கு 20 எதிரி டாங்கிகள். இருவரும் சேர்ந்து கழுகைக் காக்க வேண்டும். கூட்டாளி மேல் குண்டு பட்டால் அவன் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றுவிடுவான். அவசரத்தில் உன் குண்டே உன் கழுகைத் தகர்க்கும். எதிரியால் தோற்றதைவிட எங்கள் குண்டால் தோற்றதுதான் அதிகம். தோற்ற மறுநொடி பின்னால் நின்ற கூட்டம் நீதிமன்றமாகிவிடும். ஒரு நட்பு எவ்வளவு தாங்கும் என்று சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல ஆட்டத்தை நான் பார்த்ததில்லை.

வாத்து சுடுகிற ஆட்டத்துக்கும் முழு மதிப்பெண். அதில் ஒரு ரகசியம் உண்டு: ஒற்றை வாத்து வரும் ஆட்டத்தில், ஜாய்ஸ்டிக்கை வைத்து வாத்தை நகர்த்தலாம். தங்கச்சி கதவோரம் உட்கார்ந்து, பாவாடைக்குள் ஜாய்ஸ்டிக்கை ஒளித்துக்கொண்டு வாத்தை அலைக்கழிப்பாள். சுட்டுச் சுட்டுக் கை ஓய்ந்துபோவோம். நாய் எழுந்து சிரிக்கும், கூடவே அவளும். அந்த ஆட்டத்தை இன்று என் வீட்டுப் பெரிய டிவியில் ஆட முடியாது. அந்த ஆட்டத்தின் துப்பாக்கி உண்மையில் எதையும் சுடுவதில்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கியின் மூக்கிலுள்ள கண் அந்த வெளிச்சத்தைக் கண்டுகொண்டால் வாத்து விழும். எல்லாமே பழைய குழாய் டிவியின் வேகத்துக்குப் போட்ட கணக்கு. தட்டை டிவிக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. மெமரி கார்டில் வாத்தும் இருக்கிறது, நாயும் இருக்கிறது. சுடத்தான் வழியில்லை. தங்கச்சி வேறொரு நாட்டில், வேறொரு நேரக் கணக்கில் இருக்கிறாள்.

இனி கான்ட்ரா. கொனாமி செய்தது, வீட்டுப் பெட்டிக்கு வந்தது 1988இல். ஒருவன் நீலம், ஒருவன் சிவப்பு, ஆளுக்கு மூன்று உயிர். மேலே மேலே, கீழே கீழே, இடம் வலம், இடம் வலம், பி, ஏ. இப்படி அழுத்தினால் முப்பது உயிர். அந்த வரிசையை முதலில் வைத்தவர் கொனாமியின் கசுஹிசா ஹஷிமோட்டோ. கிராடியஸ் ஆட்டத்தை வீட்டுப் பெட்டிக்கு மாற்றும்போது தனக்கே அது கடினமாக இருந்ததால் வைத்துக்கொண்டாராம். 2020 பிப்ரவரியில் அவர் இறந்த செய்தியைப் படித்த அன்று, ஆபீஸ் மேசையில் விரல்கள் தாமாகவே அந்த வரிசையைத் தட்டின. பக்கத்து இருக்கைக்காரர் தலைநிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். அவருக்கு நான் என்னவென்று சொல்வேன்.

மூன்றாவது கட்டம் அருவி. ஏற ஏறத் திரையும் மேலே போய்க்கொண்டே இருக்கும். பின்தங்கியவன் திரையின் அடியில் விழுந்து சாவான். எதிரியின் குண்டுக்குத் தப்பியவனைக் கூட்டாளியின் அவசரம் கொல்லும். என் பெரியம்மா மகன்தான் எப்போதும் சிவப்பு. "மெதுவா ஏறுடா, நான் இன்னும் கீழகீறேன்!" என்று கத்துவான். அவன் இப்போது விசைப்படகு ஓட்டுகிறான். எப்போதாவது போனில் பேசுவோம். மரியாதையாகப் பேசுகிறான். நல்லா இருக்கீங்களா என்கிறான், பசங்க படிக்கிறாங்களா என்கிறான். அந்தக் கத்தலுக்கு என்ன விலை வேண்டுமானாலும் கொடுப்பேன். யாரிடம் கொடுப்பது?

நைனாவின், அதாவது என் அப்பாவின், குரலும் அந்த அறையில்தான் இருக்கிறது. கடலுக்குப் போனால் திரும்பி வர வாரமோ பத்து நாளோ ஆகும் அவருக்கு. வந்தாலும் தூக்கம், வலை, கணக்கு. அவரை வீட்டில் உட்காரவைத்துக் காட்டியது தடைக்காலம். மீன்கள் இனம் பெருக்கும் பருவம் என்று 2001 முதல் தமிழ்நாட்டில் ஏப்ரல் 15லிருந்து 45 நாட்கள் விசைப்படகுகளை நிறுத்தினார்கள். 2017இல் அதை 61 நாட்களாக்கினார்கள். பள்ளிக்கூட லீவும் அதே நாட்களில்தான் வரும். வருமானம் இல்லாத வீட்டில், கடன்காரர் வந்து போகிற வீட்டில், காசு கேட்காத ஒரே பொழுதுபோக்கு அந்த மஞ்சள் கேசட். நைனா பின்னால் நின்று பார்ப்பார். ஆட மாட்டார். அபிப்பிராயம் சொல்வார்.

அவருடைய அளவுகோல் ஒன்றே ஒன்று, தண்ணீர். கான்ட்ராவின் முதல் காட்டில், தண்ணீருக்குள் நிற்கும்போது கீழ்ப் பொத்தானை அழுத்தினால் ஆள் முங்கிக்கொள்வான், குண்டு படாது. "இவன் ஆம்பள. முங்கத் தெரிஞ்சிகினு சண்டைக்கு வந்துகிறான்" என்று பாராட்டினார். மாரியோ கடலுக்கடியில் போகும் கட்டம் வந்தபோது, "இன்னாடா இவன், மூச்சே உடாம போய்க்கினே கீறான்?" என்று சிரித்துவிட்டு வெளியே போனார். ரோட் ஃபைட்டர் கார் ஆட்டத்தில் மட்டும் அவருக்கு மெய்யான பயம் வரும். லாரி தெரிந்தாலே, "ஒத்து, ஒத்து, ஒத்திக்கோ" என்று தோளைப் பிடித்து இழுப்பார். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி வாழ்ந்த மனிதர். அது தனி ஆள் ஆட்டம்தான். என் கணக்கில் தேறாது. இருந்தாலும் என் தோளில் அந்தக் கை விழுந்தது ரோட் ஃபைட்டரில் மட்டும்தான். தேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமியில் கடல் துறைமுகத்துக்குள் புகுந்து படகுகளைத் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக எறிந்தது. எங்கள் வீட்டுக்குள் வந்த உப்புத் தண்ணீரில் பெட்டியும் போயிற்று, கேசட்டும் போயிற்று. அதற்காக அழ அன்று யாருக்கும் நேரமில்லை. அழ வேண்டியவை வேறு இருந்தன.

வீட்டுக்கு வெளியே கேம் கடை ஒன்றும் இருந்தது. சூரியநாராயண செட்டி தெருவிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், மாடிப்படிக்குக் கீழே, நாலைந்து மெஷின்கள். காசு போட்டால் அரை இருட்டில் முகமெல்லாம் நீலமாகும். பிடிகளில் எப்போதும் மீன் கவுச்சி. துறைமுகத்தில் கூடை தூக்கிய கையோடு வந்து ஆடுவார்கள். அங்கே ராஜா முஸ்தபாதான். காப்காம் நிறுவனம் 1993இல் செய்த அந்த ஆட்டத்தின் பெயர் காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நான்கு வீரர்களில் ஒருவன் பெயரையே ஆட்டத்துக்கு வைத்துவிட்டோம். 1996இல் ‘காதல் தேசம்’ வந்து நட்புப் பாட்டிலும் அதே பெயர் ஒலித்தபோது, ஏதோ எங்கள் கடைக்காகவே போட்ட பாட்டு என்று நினைத்தோம். மூன்று பேர் ஒன்றாக ஆடலாம். பீப்பாயை உடைத்தால் தின்பதற்கு ஏதாவது விழும். யாருக்கு உயிர் குறைவோ அவன்தான் எடுக்க வேண்டும். எழுதாத சட்டம் அது. மீறிப் பிடுங்கித் தின்றவனோடு மறுநாள் ஆட ஆள் வராது. நான் ஆடியவற்றிலேயே உயர்ந்த ஆட்டம் எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். பகிர்ந்து தின்னச் சொல்லிக்கொடுத்த ஆட்டம் வேறு எது?

அப்புறம் பிரௌசிங் சென்டர்கள் வந்தன. தடுப்புப் பலகை, சுழலும் நாற்காலி, "அண்ணா, அரை மணி நேரம்". கவுன்டர் ஸ்ட்ரைக்கில் செத்தவன் அந்தச் சுற்று முடியும்வரை மற்றவர்களின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். செத்ததுமே பின்னால் நிற்கும் கூட்டத்தில் சேர்ந்துவிடுவான். சாவைக்கூட அவ்வளவு சரியாகக் கட்டிய ஆட்டம் அது. நார்வேக்காரர்கள் செய்து 2000இல் வெளியான ஐஜிஐயில் 14 பணிகள். நடுவில் சேமிக்க முடியாது. கடைசி வாசலில் செத்தாலும் முதலிலிருந்து. கேமரா எங்கே, கோபுரத்தில் யார் நிற்கிறான் என்பதெல்லாம் பின்னால் நின்றவர்களின் தலையில் இருந்தது. தனி ஆள் போகிற பணியைப் பத்துத் தலை சேர்ந்து முடித்தோம். இன்றைய ஆட்டங்கள் பத்தடிக்கு ஒருமுறை தானாகச் சேமித்துக்கொள்கின்றன. நல்ல வசதி. யாருடைய ஞாபகமும் யாருக்கும் தேவைப்படுவதில்லை.

வைஸ் சிட்டியைப் பற்றி ஊர் முழுக்க ஒரே பேச்சாக இருந்த நாட்களில், நைனா ஒருமுறை என்னைத் தேடிக்கொண்டு சென்டருக்கே வந்துவிட்டார். திட்டத்தான் வந்தார், திரையைப் பார்த்து நின்றுவிட்டார். கடல், படகு, துறைமுகம், கரையில் தென்னை மாதிரி மரங்கள். போலீஸ் துரத்த, என் ஆள் ஓடிப்போய்க் கடலில் குதித்தான். செத்துப்போனான். அந்த ஆட்டத்தின் நாயகனுக்கு நீச்சல் தெரியாது; தண்ணீரில் விழுந்தால் முடிந்தது. நைனா நம்பவில்லை, இன்னொரு முறை குதிக்கச் சொன்னார். குதித்தேன். செத்தான். "கடலாண்ட குடியிருந்துகினு நீச்ச தெரியாதவன் இன்னாடா ரௌடி?" சென்டரே சிரித்தது. அடுத்து 2004இல் வந்த சான் ஆன்ட்ரியாஸில் நாயகனுக்கு நீச்சலும் முங்கலும் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அதை அவருக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நைனா போய்ச் சேர்ந்துவிட்டார்.

2006இல் அரசு கொடுத்த 14 அங்குலக் கலர் டிவி, 2011இல் தொடங்கி மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப் என்று திரைகள் வீட்டுக்கு வீடு வந்தன. அந்த லேப்டாப்களில் பாடத்துக்கு முன்னால் ஏறியது இஏ நிறுவனத்தின் கிரிக்கெட் 07. அந்த நிறுவனம் அதற்கப்புறம் கணினிக்குக் கிரிக்கெட் ஆட்டமே செய்யவில்லை. எங்கள் பசங்களும் விடவில்லை. ஐபிஎல் வந்ததும் யார் யாரோ செய்த திருத்தங்களை ஏற்றி, பழைய ஆட்டத்துக்கே மஞ்சள் சட்டை மாட்டிவிட்டார்கள். ஆயாகூடப் பின்னால் நின்று, "அவுட்டா?" என்று கேட்கக்கூடிய ஒரே கேம். வர்ணனையில் ரிச்சி பெனோ. 2015 ஏப்ரலில் அவர் இறந்தபோது, ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசாத என் ஊர்க்காரர்கள் சிலர் அந்தக் குரலுக்காக வருந்தி எனக்குச் செய்தி அனுப்பினார்கள்.

இப்போது இங்கே என்ன குறை? ஒன்றுமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். 2023இல் நியூசிலாந்துக்காரர்கள் வெளியிட்ட டிரெட்ஜ் வாங்கினேன். சிறு படகில் போய் மீன் பிடித்துக் கரையில் விற்கிற ஆட்டம். இருட்டினால் கடலில் பயம் வருகிறது. மீனை நேரத்தோடு கொண்டுவராவிட்டால் விலை இறங்குகிறது. விஷயம் தெரிந்தவர்கள்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் மீனைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வியாபாரி ஒரு விலை சொல்கிறார், நாம் வாங்கிக்கொள்கிறோம். ஏலம் இல்லை. கூவல் இல்லை. கூடையைச் சுற்றி முண்டியடிக்கிற அக்காக்கள் இல்லை. அவ்வளவு மௌனமான கரையை நான் பார்த்ததே இல்லை. உண்மையான கடலைப் பார்க்க வேண்டுமென்றாலோ, இங்கிருந்து கிட்டத்தட்ட 1,000 கிலோமீட்டர் கார் ஓட்ட வேண்டும்.

அதே ஆண்டு வெண்பா வந்தது. டொரான்டோவிலிருக்கும் விசை கேம்ஸ் செய்தது. 1980களில் கனடாவுக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. கறைபட்டு அழிந்த சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, இட்லித் தட்டை எந்தத் திசையில் அடுக்குவது, புட்டை எப்படி வேகவைப்பது என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த ஆண்டு பாஃப்டாவில் சிறந்த முதல் படைப்புக்கான விருது வாங்கியது. ஒரே இரவில் முடித்தேன். நான் ஆடிய ஆட்டம் ஒன்று என் மொழியில் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆவி பறக்க இட்லி வெந்ததும் பழக்கத்தில் திரும்பிப் பார்த்தேன், யாராவது பார்த்தார்களா என்று. சுவர்தான் இருந்தது.

ஜப்பானியர் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். யாக்குசா 0 என்றோர் ஆட்டம். 1988இல் நடக்கிற கதை. அதன் தெருக்களில் நடந்து போனால் சேகா கேம் கடைக்குள் நுழையலாம். அவுட் ரன் மெஷினில் காசு போட்டு ஆடலாம். தங்கள் கடைகளை ஆட்டத்துக்குள்ளேயே பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். எங்கள் மாடிப்படிக் கடையை யார் அப்படி வைப்பார்கள்? கூட்டத்தோடு உட்கார்ந்து திரையைப் பார்க்கிற இடங்களே ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர்கூட 2020இல் மூடிக்கொண்டது.

ஊருக்குப் போனால் எல்லாம் கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். போய்ப் பார்த்தேன். தடைக்காலம், படகுகள் நெருக்கியடித்து நிற்கின்றன, வலை பின்னுகிறவர்கள் பின்னிக்கொண்டிருக்கிறார்கள். கவிழ்த்து வைத்த ஃபைபர் படகின் நிழலில் ஏழெட்டுப் பையன்கள். ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு ஹெட்போன். 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தார்கள். மறு வருடமே வேறு பெயரில் திரும்பி வந்துவிட்டது. நல்ல ஆட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். நான்கு பேர் அணி, விழுந்தவனைத் தூக்கிவிடலாம், மருந்து கொடுக்கலாம். முஸ்தபாவின் சட்டங்கள் அதிலும் இருக்கின்றன. ஒரு பையனுக்குப் பின்னால் போய் நின்றேன். உள்ளங்கையளவு திரை. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. அவன் திரும்பிப் பார்த்து, "இன்னாண்ணா வேணும்?" என்றான். ஒன்றும் வேண்டாம் என்று நகர்ந்துவிட்டேன்.

இன்றைக்கு ஒருவர் ஆடுவதை லட்சம் பேர் யூடியூபில் பார்க்கிறார்கள், அப்புறம் எதற்கு இந்தப் புலம்பல் என்று நீங்கள் கேட்கலாம். பார்க்கிறார்கள்தான். நானும் பார்க்கிறேன். லாரி வரும்போது அந்த லட்சத்தில் ஒருவராலும் தோளைப் பிடித்து இழுக்க முடியாது.

ஆகவே உங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு ஆடிக்கொண்டிருக்கும். கண் கெட்டுப்போகும் என்று சொல்வதற்கு முன்னால், கதவைத் தட்டிவிட்டு உள்ளே போங்கள். ஹெட்போனைக் கழற்றச் சொல்லுங்கள், சத்தத்தைப் பெரிய டிவியில் விடச் சொல்லுங்கள். ஆட்டம் புரிய வேண்டும் என்று அவசியமில்லை. நைனாவுக்கு ஒன்றும் புரிந்ததில்லை. பின்னால் நின்று, அந்த ஆளுக்கு நீச்சல் தெரியுமா என்று மட்டும் கேளுங்கள்.